அழுத்தத்தாற் பாலைக் காத்தல்

பால் பச்சிளங் குழவிகட்கு முதலுணவாகவும் பிணியாளர்க்கு எளிய உணவாகவும் விளங்குவது யாவரும் அறிந்ததே. ஆயின் நமக்கு உணவாவது கிருமிகட்கும் உணவாகின்றது. ஆதலின் கறந்த பால் விரைவிற் கெடுகின்றது. சிற்சில வேளை நோயையும் கொணர்கின்றது. இத்தீமையை நீக்க மக்கள் கண்ட வழி நெருப்பு. இல்லங்களிற் காய்ச்சுகின்றனர், பால் நிலையங்களிலோ, பாஸ்ட்யூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டிய நெறியைத் தழுவி, சென்டிகிரேடு 72 பாகையில் 15 விநாடி நிறுத்திக் குளிர்விக்கின்றனர். நெருப்பின்றியே கிருமிகளை அழித்தல் கூடுமோ? கூடுமெனின் பாலின் தன்மை யாதாகும்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

1899-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், பெர்ட் ஹைட் என்பார் பாலைப் பேரழுத்தத்திற்கு உட்படுத்தி, அது புளிக்குங் காலம் பிற்படுவதைக் கண்டு வெளியிட்டார். அத்துணை அழுத்தத்தைத் தாங்கும் எந்திரங்கள் அரியவாயிருந்தமையின், அம்முறை நெடுங்காலம் வாணிபத்திற்கு வரவில்லை. 1990-இல் ஜப்பானியர் பழப்பாகுகளை இவ்வாறு பதப்படுத்தி விற்கத் தொடங்கினர். 2016-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் இங்ஙனம் பதஞ்செய்த பால் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

செய்முறை இதுவாம். நெகிழுந் தன்மையுடைய புட்டியிற் பாலை அடைத்து, நீர் நிறைந்த வலிய எஃகு உருளையுள் இட்டு மூடுவர். பின்னர் அந்நீரை இறைகுழாயால் அழுத்துவர். அழுத்தம் வளிமண்டலத்தினும் 4,000 முதல் 6,000 மடங்கு வரை உயரும். கடலின் மிக்க ஆழமாகிய மரியானாப் பள்ளத்தின் அடியிலும் அழுத்தம் 1,000 மடங்கிற்குச் சற்றே மேற்பட்டதெனின், இதன் பெருமை விளங்கும். நீர் எத்திசையினும் ஒப்ப அழுத்துதலின் புட்டி நசுங்குவதில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

இவ்வழுத்தம் எதனை அழிக்கின்றது? எதனை விடுகின்றது? பூமாலையை நினைமின். நாரின் முடிச்சை அவிழ்த்தால் மாலை சிதையும்; பூவோ கெடாது. புரதம் முதலிய பெரிய மூலக்கூறுகள் மெல்லிய பிணைப்புகளால் மடிந்து உருப்பெற்றவை. அழுத்தம் அம்முடிச்சுகளை அவிழ்க்கின்றது. கிருமியின் மேற்சவ்வும் புரதங்களும் நிலைகுலைய, அது மடிகின்றது. ஜீவசத்துக்களும் மணந்தரும் பொருள்களும் சிறிய மூலக்கூறுகளாதலின் பெரும்பாலும் மாறா. காய்ச்சிய பாலின் வாடையும் இதில் எழுவதில்லை.

ஆயினும் அழுத்தம் பாலையும் நீரையும் பகுத்துணரும் அன்னமன்று. கிருமியின் புரதம் இது, பாலின் புரதம் இது எனத் தேர்ந்து தாக்க அது வல்லதன்று. கேசீன் என்னும் புரதத்தின் நுண்திரள்கள் உடைதலால், ஒளியைச் சிதறச்செய்யும் ஆற்றல் குன்றிப் பாலின் வெண்மை மங்குகின்றது. திரிந்த பாலின் தெளிநீரிற் கழிந்துபோகும் புரதங்களுள் ஒரு பகுதி கேசீனோடு கூடிக்கொள்கின்றது. ஆகவே பாலாடைக்கட்டி செய்வார்க்கு விளைவு மிகுதலும் உண்டு.

குறைகளும் உள. சில கிருமிகள் ஸ்போர் என்னும் வன்தோட்டு உறக்கநிலையிற் புகுந்து, இவ்வழுத்தத்தையும் தாங்கிக் கிடக்கின்றன. ஆதலின் பாலைக் குளிரிலேயே வைத்தல் வேண்டும். மேலும், பால் செவ்வனே சூடேற்றப்பட்டதா என்றறிய, பாஸ்பட்டேஸ் என்னும் நொதி அழிந்ததா என்று சோதிப்பது வழக்கம். அந்நொதி 4,000 மடங்கழுத்தத்திலும் நிலைத்திருத்தலின், அச்சோதனை இங்கே பயன்படாது.

இவ்வாராய்ச்சியின் பயன் வாணிபத்தோடு முடிவதன்று. குறைமாதத்திற் பிறந்து, ஈன்றாளின் பால் கிட்டாத குழவிகட்குப் பிற தாய்மார் ஈயும் பாலை ஊட்டுகின்றனர். நோய் பரவாதிருக்க அதனை 62.5 பாகையில் 30 நிமிடம் சூடாக்குவர். அச்சூட்டில், குழவியைக் காக்கவேண்டிய எதிர்ப்புப் புரதங்களின் ஒரு பகுதியும் அழிகின்றது. அளவறிந்த அழுத்தத்தில் அவை மிகுதியும் எஞ்சுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

நெருப்பை முற்றும் விலக்குவது அறிவன்று; நெருப்பொன்றே வழியெனலும் அறிவன்று. கெடுப்பதை அழித்துக் காப்பதை விடும் அளவை நாடுதலே இத்துறையின் நோக்கமாகும். ஒரு சிறு குழவி உண்ணுஞ் சில துளிப் பாலில் அவ்வளவு பிழையாதிருத்தல் வேண்டும்.