வானத்தில் நிற்கும் கடன்

ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் கொடுக்க வேண்டிய கடன்களைத் தீர்த்துவிட்டுப் போவது நம்மவர் வழக்கம். எந்தக் கொப்பியிலும் எழுதாத ஒரு கடனை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து ஜித்தா சென்று திரும்பினால் சுமார் 9,300 கிலோமீற்றர். ஒரு பயணிக்கு 100 கிலோமீற்றருக்கு 3 லீற்றர் எரிபொருள் என்று வைத்தால் 280 லீற்றர். நிறையில் ஏறக்குறைய 220 கிலோகிராம். ஒரு கிலோகிராம் எரிந்தால் 3.16 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். (எண்ணெயை விடப் புகை பாரமா என்று தங்கைமார் கேட்கக்கூடும். எரியும்போது வளியிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்துகொள்கிறது.) ஆக, ஒருவருக்கு ஏறத்தாழ 700 கிலோகிராம்.

அதைத் திரும்ப எடுக்கவும் வழியுண்டு. ஐஸ்லாந்தில் 2021 செப்டம்பரில் க்ளைம்வேர்க்ஸ் நிறுவனம் ஓர்க்கா என்ற ஆலையைத் திறந்தது. விசிறிகள் காற்றை இழுக்க, வடிகள் காபனீரொட்சைட்டைப் பிடிக்கின்றன. பின் சுமார் 100 பாகை வெப்பத்தில் அதைப் பிரித்து, நீரில் கரைத்து, எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே அது கல்லாகிவிடும். செலவு தொன்னுக்கு ஆயிரம் டொலர் அளவில். நம் பயணிக்கு 700 டொலர்; டொலர் 300 ரூபா என்றால் 2,10,000 ரூபா.

ஏன் இவ்வளவு? உப்புக்குளத்தாருக்கு இதை விளக்குவது இலகு. ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் உப்பு உண்டு. பாத்தியில் தேக்கினால் வெயிலும் காற்றும் கூலியின்றி உப்பை எடுத்துத் தரும். வளியிலோ 10,000 மூலக்கூறுகளில் சுமார் 4 மட்டுமே காபனீரொட்சைட்டு. அந்த நாலைப் பிடிக்க மின்சாரம், விடுவிக்க வெப்பம்.

ஓர்க்காவின் கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 தொன். 2024இல் இலங்கையின் ஹஜ் கோட்டா 3,500 பேர். அவர்களின் பயணத்துக்கே 2,450 தொன் வேண்டும்.

மரம் நட்டால் மலிவு என்பார்கள். மலிவுதான். நம் விடத்தல்தீவுக் கண்டல்களும் சேற்றில் காபனைச் சேர்த்து வைக்கின்றன. ஆனால் கல் கல்லாகவே கிடக்கும். கண்டலை வெட்டினால் சேர்த்தது வானுக்கே திரும்பும். 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக்கிய விடத்தல்தீவின் ஒரு பகுதியை 2024இல் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவித்து வர்த்தமானி வந்தது. உயர் நீதிமன்றம்தான் அதை இடைநிறுத்தியது. அத்தகைய காவலை நம்பியா நூற்றாண்டுகள் நிற்கும் கடனை அடைப்பது?

வசதியுள்ளவருக்கு ஹஜ் வாழ்வில் ஒரு தடவை கடமை. அதில் கை வைக்க நான் யார்? வருடாவருடம் போகும் உம்ராவும், விடுமுறைக்கு மலேசியாவும் வேறு. அவற்றுக்கு டிக்கெட் பார்க்கும்போது, பெற்றோரே, அந்த விலையோடு இந்தக் கடனையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.