மணற்படைகளைப் படித்தல்

நிலம் என்றும் ஒருபடியாய் இருப்பதன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்திற் கற்கின்றோம். வகுப்பிலே அதனைத் திணையிலக்கணமாகச் சொல்லி அமைந்துவிடுகின்றோம். நிலம் திரிதலைக் கண்ணாற் காண விழைவோர் வடமராட்சியின் கீழ்க்கரையிலுள்ள மணற்காட்டிற்குச் செல்க. அங்கே பழைய தேவாலயம் ஒன்றின் சுவர்கள் மணலுட் புதைந்து நிற்கின்றன. புதைந்தமை கண்டு வியத்தல் வேறு. எப்பொழுது, எங்ஙனம் மணல் வந்தது என ஆராய்தல் வேறு. பின்னதே களஆய்வு.

முதலில் மணற்குன்றின் வடிவத்தை நோக்குக. காற்று வரும் பக்கம் மெல்லச் சரியும். மறுபக்கமோ, உலர்மணல் நிற்கக்கூடிய எல்லையாகிய ஏறக்குறைய 30 முதல் 34 பாகை வரை சாய்ந்திருக்கும். இச்சரிவு குன்றினுள்ளேயும் மெல்லிய வரிகளாக எஞ்சும். வெட்டுமுகத்திலுள்ள வரிகள் எத்திசை நோக்கிச் சாய்கின்றன எனத் திசையறிகருவி கொண்டு அளந்தால், குன்றை எழுப்பிய காற்று சோளகமோ வாடையோ என்பது புலப்படும். இடையே கரிய படையொன்று வேர்த்தடங்களோடு காணப்படின், அக்காலத்திற் புல்பூண்டுகள் மணலைப் பற்றியிருந்தன என்க. அதன்மேல் மீண்டும் வெண்மணல் கிடந்தால் அப்பற்று விட்டது. விட்டதற்கு மழைக்குறைவு காரணமாகலாம்; மேய்ச்சலும் விறகு வெட்டுதலும் காரணமாகலாம். ஒரு குழியை மாத்திரம் கொண்டு துணிதல் தகாது.

மாணாக்கரைப் பெரிதும் மயக்குவன சிப்பிகள். கரைக்கு அப்பாற் சிப்பியைக் கண்டதும் ‘இவ்விடம் கடலாயிருந்தது’ என எழுதிவிடுகின்றனர். இரு ஓடுகளும் பிரியாது, வாழ்ந்த நிலையிலேயே சேற்றுப்படையிற் கிடந்தால் அம்முடிவு பொருந்தும். உண்ணத்தக்க இனமே ஒத்த அளவினதாய்க் குவிந்து, கரியும் மட்கல உடைவுகளும் கலந்திருப்பின் அது மனிதர் உண்டு கழித்த குப்பை. அயலிலுள்ள வல்லிபுரத்திலே 1936இற் பொன்னேடு கிடைத்த செய்தியை அறிந்தோர், இக்கரையிற் பண்டைக் குடியிருப்பின் சின்னம் காணப்படுதல் குறித்து வியப்படையார். சுண்ணாம்புக்கல்லினுள் இறுகிய சிப்பியோ இவ்விரண்டினும் வேறானது. அது மயோசீன் காலக் கடலினது, 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

கரியின் காலத்தைக் கதிரியக்கக் காபனால் அறியலாம். மணலுக்கு வேறொரு முறை 1985இல் முன்வைக்கப்பட்டது. மணற்பரல் புதைந்தபின் சூழவுள்ள கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கின்றது; அச்சேமிப்பை ஒளிபாய்ச்சி அளந்தால், பரல் கடைசியாக எப்பொழுது வெயில் கண்டது என்பது கிடைக்கும். எனவே ஒளிபுகாக் குழாயிலேயே மண்மாதிரி எடுத்தல் வேண்டும். வெயில் பட்டாற் சேமிப்பு முழுதும் அழியும்.

மணல் அள்ளுவோரால் நாம் இழப்பது யாதென இப்பொழுது விளங்கும். அள்ளிக் கொட்டிய மணலிற் படையுமில்லை, காலக்கணக்குமில்லை. ஆனால் அவர் வெட்டிவிட்ட முகமே நமக்குத் திறந்த ஏடாகின்றது. அடுத்த வெட்டில் அதுவும் போய்விடும். ஆதலின் ஓரிடத்தைக் கண்ட அன்றே அளந்து, வரைந்து, நிழற்படம் எடுத்தல் நன்று. செங்குத்தான வெட்டின் அடியில் எவரும் நிற்றலாகாது. உலர்மணல் சொல்லாமற் சரியும்.

பழைய மாணவர்களிடமும் ஒன்று வேண்டுகின்றோம். தங்கள் இல்லங்களிலுள்ள பழைய காணி உறுதிகளில் எல்லை கூறும் பகுதியைப் பார்த்தருள்க. இன்று மணல் மூடிய இடத்தில் அன்று துரவோ, தரவையோ, பனங்காணியோ குறிக்கப்பட்டிருப்பின், உறுதியின் ஆண்டையும் அவ்வரிகளையும் படியெடுத்துக் கல்லூரிக்கு அனுப்பலாம். சிறுவயதில் மணல் எம்மட்டில் நின்றது என்னும் நினைவும் பயன்படும். எந்த மரத்தையோ கிணற்றையோ குறியாகக் கொண்டு சொல்கின்றீர்கள் என்பதையும் உடன் எழுதுக.