வைடால் பாசிட்டிவ் என்றால் டைபாய்டுதானா?

‘‘மூணு நாளா ஜுரம் டாக்டர். பாலவாக்கத்துல எங்க தெருமுனை லேபிலேயே ரத்தம் கொடுத்துட்டோம். வைடால் பாசிட்டிவ்னு வந்திருக்கு. டைபாய்டுதானே?’’

இப்படி ரிசல்ட்டும் கையுமாக வரும் தாய்மார்கள் ஏராளம். கொஞ்சம் பொறுங்கள். மூன்றாம் நாளே வைடால் பாசிட்டிவ் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ரிசல்ட்டைத்தான்!

வைடால் என்பது 1896-ல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் பெயரில் வந்த சோதனை. இது டைபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் தேடுகிறது. திருடனைப் பிடிக்காமல் காலடித் தடத்தைப் பார்ப்பது மாதிரி. தடம் நேற்றையதா, போன வருஷத்ததா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எப்போதோ வந்துபோன டைபாய்டு, போட்டுக்கொண்ட தடுப்பூசி, ஏன், மலேரியா கூட இதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடலாம். நிஜமான டைபாய்டிலோ எதிர்ப்புப் பொருள் நன்றாக ஏறுவதற்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் பார்த்தால் நெகடிவ்!

ரிப்போர்ட்டில் 1:80, 1:160 என்று போட்டிருப்பார்களே, அது என்ன? ரத்தத்தின் சீரத்தை அத்தனை மடங்கு நீர்க்க வைத்த பிறகும் சோதனை வேலை செய்தது என்று அர்த்தம். டைபாய்டு புழங்கும் நம் ஊரில் ஆரோக்கியமானவர்களுக்கே சிறிய எண்கள் வரும். 7 முதல் 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, எண் நாலு மடங்கு ஏறியிருந்தால் நம்பலாம். ஆனால் ஜுரத்தோடு யார் காத்திருப்பார்கள்?

நம்பகமானது ரத்தக் கல்ச்சர். ரத்தத்தை ஊட்டப் பொருள் உள்ள பாட்டிலில் விட்டு, கிருமியையே வளர்த்துப் பார்ப்பார்கள். எந்த மருந்து அதைக் கொல்லும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். 2017 முதல் 2020 வரை வேலூர், டில்லி, கொல்கத்தா, புனேயில் குழந்தைகளைக் கண்காணித்த பெரிய ஆய்வில், கல்ச்சரில் கிருமி வளர்ந்ததைத்தான் டைபாய்டு என்று கணக்கில் எடுத்தார்கள்.

கல்ச்சரும் கடவுள் வாக்கு அல்ல. டைபாய்டு உள்ள 100 பேரில் சுமார் 60 பேரிடம்தான் அது கண்டுபிடிக்கும். பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். ‘‘ஐயோ, இவ்வளவா?’’ என்று கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் குறைந்தால் கிருமி சிக்காது. அதைவிட முக்கியம், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுப்பது. மருந்துக் கடையில் கேட்டு இரண்டு மாத்திரை போட்டுவிட்டு வந்தால் பாதி ரிசல்ட் அங்கேயே போச்சு. தோலைச் சரியாகத் துடைக்காமல் குத்தினால் தோலில் உள்ள அப்பாவிக் கிருமி வளர்ந்து குழப்பும்.

தப்பான பாசிட்டிவில் ஆபத்து என்னவென்றால், உண்மையான நோய் ஒளிந்துகொள்ளும். தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் உண்டு. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் புண் இருக்கலாம். டைபாய்டுக்குப் போடும் செப்ட்ரியாக்சோன் ஊசி இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் கொடுக்காமல் நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

காசநோயில் இப்படி ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனைகள் ரொம்பவே ஏமாற்றியதால் 2012-ல் மத்திய அரசு அவற்றைத் தடையே செய்துவிட்டது. வைடாலுக்கு அந்தக் கதி வரவில்லை. விலை மலிவு, ரிசல்ட்டும் சீக்கிரம்.

கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை மருந்தே கூடாது என்றில்லை. ரத்தம் எடுத்த கையோடு டாக்டர் மருந்தைத் தொடங்கலாம். ரிசல்ட் வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். ரிப்போர்ட் வந்த அன்றே மறக்காமல் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.