இசை கேட்பதற்குக் கண் வேண்டுமோ?

பார்வை இழந்தார்க்குச் செவியே பெருந்துணை என்பதை அறியாதார் இலர். ஆயின், செவியால் நுகரத்தக்க பொருளே அன்னார்க்குக் கதவடைத்து நிற்குமாயின், அதனினும் வியப்புக்குரியது யாது? இக்காலத்தில் கணினியிலும் கைப்பேசியிலும் பாட்டையும் படத்தையும் இயக்கிக் காட்டும் மீடியா பிளேயர் என்னும் மென்பொருள் சில வேளைகளில் அவ்வாறே நிற்கின்றது. பாட்டு உள்ளே இருக்கின்றது. கேட்கச் செவியும் இருக்கின்றது. அதனைத் தொடங்கும் பொத்தான் எங்குள்ளது என்று சொல்வார் மட்டும் இல்லை. இக்குறை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு நீங்கும் என்பதை இவ்வியாசத்தில் சுருங்க ஆராய்வோம்.

ஒலிப்பதிவும் பார்வையிழந்தோர் நலமும் தொடக்கமுதல் இணைந்தே வந்துள்ளன. 1877ஆம் ஆண்டில் போனோகிராப் என்னும் யந்திரத்தை அமைத்த தாமஸ் ஆல்வா எடிசன், மறு ஆண்டு அதன் பயன்களை எடுத்துரைத்தபோது, பார்வையற்றோர்க்குத் தாமே பேசும் நூல்களையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். அவ்வெண்ணம் உடனே கைகூடவில்லை. அக்காலத்து இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழன்று, ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிஷமே ஒலித்தது. ஒரு நாவலைக் கேட்க எத்தனை தட்டுகள் வேண்டும்! ஆதலால் நிமிஷத்துக்கு 33 1/3 முறை சுழன்று, ஒரு பக்கத்தில் ஏறத்தாழக் கால்மணி நேரம் ஒலிக்கும் தட்டுகள் அமெரிக்காவில் ஆயத்தமாயின. ‘பேசும் நூல்கள்’ எனப்பட்ட அவை 1934 முதல் பார்வையிழந்தோர் இல்லங்களுக்குச் சென்றன. அதே வேகத்தில் சுழலும் நெடுந்தட்டு பொதுச்சந்தையில் நிலைபெற்றதோ 1948இல்தான். எளியார்க்கென முதலில் அமைந்தது பின்னர் எல்லார்க்கும் பயன்பட்டது என்பதற்கு இஃதொரு நற்சான்று.

அக்காலத்துக் கருவிகளில் திருகு, நெம்பு, பொத்தான் யாவும் கையால் தடவி அறியத்தக்கன. பின்னர்க் கணினித் திரை வந்தது. பொத்தான் என்பது கண்ணாடிமேல் தோன்றும் வெறுஞ் சித்திரமாயிற்று. தடவினால் புலப்படாத அச்சித்திரத்தை வாய்விட்டுச் சொல்ல ‘திரைவாசிப்பான்’ என்னும் மென்பொருள் தோன்றியது. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்று இலவசமாக வழங்கப்படும் என்.வி.டி.ஏ. அவற்றுள் ஒன்று. எனினும் திரைவாசிப்பான், மீடியா பிளேயர் தெரிவிப்பதையே நம்பி நிற்பது. பொத்தானின் பெயர் யாது, அதன் தொழில் யாது, இப்பொழுது அது எந்நிலையில் உள்ளது என்னும் மூன்றையும் பிளேயர் அறிவித்தல் வேண்டும். முக்கோணப் படத்தை வரைந்து, அதற்குப் பெயரிட மறந்துவிட்டால், திரைவாசிப்பான் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டுமே ஓதும். கேட்பவர் அவற்றுள் எதனை அழுத்துவார்? பெயரிடுவதற்கு மென்பொருள் எழுதுவோர்க்கு ஆகும் உழைப்போ பெரும்பாலும் ஒரு வரியே.

மற்றொன்றும் கருதத்தக்கது. பக்கம் திறந்தவுடன் பாட்டுத் தானே முழங்குமாயின், திரைவாசிப்பானின் குரல் அதில் மூழ்கிவிடும். நிறுத்தும் வழியைக் கேட்டறியவும் இயலாது. ஆகவே 2008இல் வெளிவந்த வலைத்தள அணுகல் நெறிமுறை, தானே தொடங்கி 3 விநாடிக்கு மேல் ஒலிக்கும் எதனையும் நிறுத்தவோ ஒலியைத் தனியே குறைக்கவோ வழி வேண்டும் என விதிக்கின்றது.

அடுத்து, கைந்நடுக்கம் உடையோரை நினைப்போம். மெல்லிய கோட்டின்மேல் சிறு புள்ளியைப் பிடித்திழுத்துப் பாட்டின் இடத்தை மாற்றுவது அவர்க்கு அரிது. விசைப்பலகையாலேயே எல்லாம் நடைபெறுமாயின் அத்துன்பம் குறையும். பாரிஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரி மாணவர் 1996இல் தொடங்கிய முயற்சியினின்று வளர்ந்த வி.எல்.சி. என்னும் பிளேயரில், இடைவெளி விசையால் ஓட்டத்தை நிறுத்தவும் தொடங்கவும், சதுர அடைப்புக்குறி விசைகளால் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும் குறைக்கவும் இயலும். பாடத்தை மெதுவாகக் கேட்டே விளங்கிக்கொள்ளும் மாணவர்க்கும் இவ்வேகமாற்றம் பேருதவியாம்.

செவிப்புலன் இழந்தோர்க்கு வேண்டுவது எழுத்துரு. பேச்சை மட்டுமன்றி, பேசுபவர் யார், கதவு தட்டப்பட்டதா, இசை எழுந்ததா என்பவற்றையும் திரையில் எழுதிக்காட்டும் உரையே நிறைவானது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று, 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளில், 1993 ஜூலை முதல் இவ்வுரையைக் காட்டும் உறுப்பைக் கட்டாயமாக்கிற்று. தனிக்கருவி வாங்கும் சுமை அதனால் நீங்கியது. இரைச்சல் மிக்க இடங்களில் செவி கேட்போரும் அவ்வுரையைப் படித்துப் பயனடைந்தனர். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், மின்னணு ஊடகங்களில் எழுத்துரை, காட்சியை விளக்கும் ஒலியுரை, சைகைமொழி ஆகியவை கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாகக் கூறுகின்றது. ஆனால் உரை இருந்தும், அதனைத் தெரிந்தெடுக்கவும், எழுத்தைப் பெரிதாக்கவும், ஒலியுரைக்கு மாறவும் பிளேயர் வழிதராதேல், சட்டம் அளித்த விருந்து இலையில் இருக்க, உண்பவர் பசியோடு எழுவது போலாகும்.

ஒருவர் பாடத்தைக் கேட்க விரும்பும் ஒவ்வொரு முறையும், “இதனை அழுத்தித் தாரும்” என்று பிறரை இரக்க நேர்வது சிறு காரியமன்று. உதவுவார் இல்லாதபோது அவர் கல்வி நிற்கின்றது. உதவுவார் உள்ளபோதோ, தாமே கற்கும் உரிமை குறைகின்றது.

ஆதலின், நாளை மென்பொருள் எழுதப்போகும் மாணவ நண்பர்காள்! நீவிர் அமைக்கும் பிளேயரை மூன்று வகையிற் சோதிப்பீராக. முதலாவது, திரையை அணைத்துத் திரைவாசிப்பானின் குரலை மட்டும் கொண்டு ஒரு பாட்டைத் தொடங்குக. இரண்டாவது, சுட்டியை அகற்றி விசைப்பலகையால் மட்டும் இயக்குக. மூன்றாவது, ஒலியை முற்றும் அடக்கி ஒரு படத்தின் கதையை அறிந்துகொள்க. இம்மூன்றும் செய்ய அரைமணி நேரமே ஆகும். எங்கே நீவிர் திகைத்து நிற்கின்றீரோ, அங்கேதான் மற்றொருவர்க்குக் கதவு மூடியிருக்கின்றது. அதனைத் திறக்குந் திறவுகோலும் அமைப்பவராகிய உம் கையிலேயே உள்ளது.