குவில்ட் தைப்போர் பாதங்களையும் பாருங்கள்

குழுவாகச் சேர்ந்து ஆளுக்கொரு சதுரம் தைத்து, மாற்றிக்கொண்டு, குவில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வையாக இணைப்பது நல்ல பொழுதுபோக்கு. புத்தக அலுமாரிச் சதுரம் இலகுவானது. பழைய பருத்திச் சேலைகளை ஒடுங்கிய துண்டுகளாக வெட்டி நிமிர்த்தி அடுக்கினால் புத்தகங்கள். கீழே மண்ணிறத் துண்டு வைத்தால் தட்டு. எல்லோரும் 12½ அங்குலத்தில் முடித்து, ¼ அங்குல விளிம்பு விட்டு இணைத்தால் 12 அங்குலச் சதுரங்கள் பொருந்தும்.

தனிமையில் இருக்கும் எமது அம்மாமாருக்கு இது நல்ல துணை. ஆனால் சில கவனங்கள் தேவை.

1. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து, கழுத்தையும் தோளையும் அசையுங்கள்.

2. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் விறைத்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடலாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் தைக்க வேண்டாம். பாதம் மரத்திருந்தால் குண்டூசி ஏறியதும் தெரியாது. புண் பழுத்த பின் வருபவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

தைத்து முடிந்ததும் காந்தத்தால் ஊசிகளைப் பொறுக்கி எண்ணுங்கள். படுக்குமுன் இரு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.