குஞ்சு வாங்கும் முன் குட்டையைச் சோதியுங்கள்

ஆரணி அருகே, திருமலை சமணக் குன்றின் சுற்றுவட்டாரத்தில் பண்ணைக்குட்டை வைத்திருப்போர் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மீன் விடலாம் என்று நினைப்பது இயல்பு. குட்டை நிறைந்திருப்பது மட்டும் போதாது. தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும், எந்த வழியாக வருகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகே குஞ்சுக்குப் பணம் கட்டுங்கள்.

1. நீர்மட்டம்: அளவு குறித்த குச்சியை நட்டு, மழையில்லாத ஒரு வாரம் பாருங்கள். வெயிலில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை குறையலாம். அதற்கு மேல் போனால் கசிவு. களிமண் கொட்டிக் கெட்டிப்படுத்துங்கள். கெண்டை வளர எட்டு முதல் பத்து மாதம் ஆகும். அதுவரை ஒன்றரை மீட்டர் ஆழம் நிற்க வேண்டும்.

2. வரத்து வாய்க்கால்: மேலே நடந்து போய்ப் பாருங்கள். இது பட்டும் நெல்லும் விளங்கும் ஊர். சாயப்பட்டறைக் கழிவு கலந்தால் அந்தக் குட்டையில் மீன் வேண்டாம். அரிசி ஆலையின் நெல் ஊறல் தண்ணீர் அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். பூச்சிமருந்து அடித்த வயலின் வடிகாலையும் அடைத்துவிடுங்கள்.

3. தண்ணீர்: அமில காரத்தன்மை 6.5 முதல் 8.5 வரை இருக்கட்டும். குறைந்தால் சுண்ணாம்பு இடுங்கள். ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்க வேண்டும், அப்போதுதான் அது மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை பச்சையில் மறைந்தால் பாசி அதிகம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவு. உயரத்திலிருந்து கொட்டவிட்டு நிரப்புங்கள்.

4. பழைய மீன்: விரால், கெளுத்தி இருந்தால் குஞ்சு தப்பாது. வற்றவைத்து, மண் வெடிக்கக் காயவிடுவதே சிறந்தது. முடியாவிட்டால் இலுப்பைப் புண்ணாக்கு: 10 சென்ட் குட்டையில் ஒரு மீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 100 கிலோ. நஞ்சு அடங்க மூன்று வாரம் விடுங்கள்.

5. வெள்ளோட்டம்: வலைத்தொட்டிலில் சில குஞ்சுகளை இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

அவை தெம்பாக இருந்தால், 10 சென்ட்டுக்கு 200 முதல் 400 விரலளவுக் குஞ்சு போதும்: கட்லா நான்கு பங்கு, ரோகு மூன்று, மிர்கால் மூன்று. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை உண்டு. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மானியம் பற்றி மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். வாய்க்காலில் சந்தேகம் இருந்தால் இந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். அந்த மீனைச் சாப்பிடப்போவது நம் வீட்டுக் குழந்தைகளும்தான்.