பழந்துணியில் குழந்தைச் சட்டை: எதை வெட்டுவது, எதை விடுவது

பழைய உடைகளை வெட்டிக் கைக்குழந்தைக்குச் சட்டை தைப்பது தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பிறந்த குழந்தையை முதலில் புதுத்துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட வேட்டித் துணியில் கிடத்துவதும், பருத்திச் சேலையில் தூளி கட்டுவதும் அவ்வழக்கத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் இன்று தையல் பயிற்சிக்கு வரும் மாணவியர் குழந்தையுடைப் பாடத்திற்கெனக் கொண்டுவரும் துணிகளைப் பார்த்தால், துணியின் தன்மையை எண்ணித் தேர்ந்தவர்கள் சிலரே என்பது விளங்கும். கைபேசிக் காணொளியில் கண்ட ஜரிகைக் கவுனை எப்படியும் தைத்துவிட வேண்டும் என்னும் ஆசையால் ஒரு சாராரும், கல்யாணப் புடவை பீரோவில் சும்மாதானே கிடக்கிறது, பாப்பாவுக்கு ஒரு பாவாடை தைக்கக் கூடாதா என்று கேட்கும் தாயின் சொல்லையோ மாமியாரின் சொல்லையோ தட்ட மாட்டாமல் மற்றொரு சாராரும், முதல் வேலைக்கே பட்டுப் புடவையில் கத்தரியை வைக்கின்றனர்.

வேட்டியும் பருத்திச் சேலையும் தகும் என்பதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. அவை சுருங்க வேண்டிய அளவு முன்னரே சுருங்கி, போக வேண்டிய சாயமும் போய்விட்டவை. கஞ்சி மட்டும் மிச்சமிருந்தால் ஓரிரவு ஊறவைத்து அலசினால் நீங்கிவிடும். வேட்டியில் நூலின் நயத்தைக் குறிக்க வழங்கும் கவுண்ட் என்னும் எண், ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உண்டு என்பதைக் காட்டுவதால், எண் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 80, 100 கவுண்ட் வேட்டிகள் ஜபலாவுக்கு, அதாவது கையில்லாமல் முன்பக்கமோ பக்கவாட்டிலோ முடிச்சிட்டுக் கட்டும் சட்டைக்கு, மிகப் பொருத்தமானவை. முழுத்துணியும் ஒரே அளவில் தேய்ந்திருக்காது என்பதால், உட்காருமிடம் பட்ட பகுதியையும் கால்தட்டிய கரையோரத்தையும் ஒதுக்கிவிட்டு, மற்றதை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்துப் பாவின் வழியாகவும் ஊடையின் வழியாகவும், அதாவது நீளநூல் போக்கிலும் குறுக்குநூல் போக்கிலும், மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இழை விலகி இடைவெளி தெரிந்தால் அத்துணி இடுப்புத் துணிக்கு ஆகுமேயன்றிச் சட்டைக்கு ஆகாது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு மார்புச் சுற்றளவைவிடச் சற்றே பெரிது என்பதை மறந்து, தலைவழியாக மாட்டும் சட்டையைச் சிறு கழுத்துடன் வெட்டிவிடுவது தொடக்கநிலை மாணவியர் பலரும் செய்யும் பிழையாகும். முன்பக்கம் முழுதும் திறக்கும் ஜபலாவில் அந்தத் தொல்லையே இல்லை.

பருத்தி நைட்டி, ஆண்கள் சட்டை, பனியன் ஆகிய மூன்றும் அடுத்த நிலையில் வரும். நைட்டியில் துணி தாராளமாகக் கிடைக்கும். ஆண்கள் சட்டைகளில் பருத்தியென்று நம்பப்படுபவை பலவும் பாலியஸ்டர் கலந்தவை. ஓரத்து நூலை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாவதையும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாவதையும் கண்டு எளிதில் பிரித்தறியலாம். வியர்வையை உறிஞ்சாத கலப்புத் துணி கோடையில் வேர்க்குருவைக் கூட்டும். பனியன் துணி இழுத்தால் நீள்வது. சாதாரண ஊசியால் தைத்தால் தையல் தாவும் என்பதால், நுனி உருண்ட ஊசி கிடைக்கும்வரை அதை ஒத்திவைப்பது நலம்.

எச்சரிக்கை வேண்டுவது பட்டுப் புடவைக்கே. ஆகிவந்த புடவை, அம்மாவின் கல்யாணப் புடவை, முதல் பிறந்தநாள் படத்தில் பளிச்சென்று தெரியும் துணி என்று அதற்குச் சொல்லப்படும் பெருமைகளெல்லாம் பார்ப்பவரை முன்வைத்தவை. அணியும் குழந்தையை முன்வைத்து அதற்கு ஒரு பெருமையும் சொல்வதற்கில்லை. கைக்குழந்தையின் உடைக்கு முதல் தகுதி நாள்தோறும் துவைக்கக் கூடியதாக இருப்பதே. பால் கக்குதலும் சிறுநீரும் வியர்வையும் ஓயாத பருவத்தில் உடையை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தியாக வேண்டும். பட்டோ புரத இழையாதலால் வெயிலிலும், சலவைச் சோப்பின் காரத்திலும், வியர்வையிலும் வலுவிழப்பது. ஒரே மடிப்பில் பல்லாண்டு கிடந்த புடவை அந்த மடிப்புக் கோடுகளிலேயே இற்றுப்போயிருக்கும். மேலுக்குப் புதிதாகத் தோன்றினாலும் தைத்தபின் இடுப்புச் சுருக்கத்தில் இழை விலகிப் பிளந்துகொள்ளும்.

ஜரிகை அடுத்த சிக்கல். பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது அசல் ஜரிகை. செம்புக் கம்பியையோ உலோகப் பூச்சிட்ட பாலியஸ்டரையோ கொண்டது போலி ஜரிகை. எதுவானாலும் வெட்டிய விளிம்பில் அதன் நுனிகள் நீட்டிக்கொண்டு தோலை உறுத்தும். புட்டாக்களின் பின்புறத்தில் தளர்ந்து கிடக்கும் நூல்களோ அதைவிடக் கவனத்திற்குரியவை. தளர்ந்த நூலிழை குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுப்பது மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து. உள்ளே பருத்தி லைனிங் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள், அப்போது உடையாகப் பயன்படுவது லைனிங்தான் என்பதையும், மேலே போர்த்திய பட்டு சித்திரை வெயிலில் புழுக்கத்தைத்தான் கூட்டும் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பீரோவில் போட்டுவைத்த அந்துருண்டை எல்லாவற்றிலும் பெரிய காரணம். நாஃப்தலீன் என்னும் வேதிப்பொருளாலான அவ்வுருண்டையின் ஆவி துணியில் ஏறி நெடுநாள் தங்குவது. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சோகையும் மஞ்சட்காமாலையும் உண்டாகக் கூடும். அக்குறைபாடு தம் குழந்தைக்கு உண்டா என்பது பல வீடுகளில் தெரிந்திருப்பதில்லை. உருண்டையுடன் வைத்த பருத்தித் துணியையும் பலமுறை துவைத்து வெயிலில் காயவைத்து மணம் அறவே போனபின்பே பயன்படுத்த வேண்டும் என்னும்போது, அப்படித் துவைக்கவும் காயவைக்கவும் இடங்கொடாத பட்டைக் குழந்தைமேல் போடுவதற்கு நியாயமே இல்லை. அசல் ஜரிகைப் புடவையை வெள்ளிக்காகவே விலைக்கு வாங்குவோர் உண்டு. புடவை வீணாகிறதே என்பதுதான் கவலையானால், அதை விற்ற பணத்தில் மெல்லிய மல் துணி கெஜக்கணக்கில் வாங்கலாம்.

கற்பவர் நோக்கில் பட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. பருத்தியில் தவறாகப் போட்ட தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் ஒரு சலவையில் மூடிக்கொள்ளும். பட்டில் அவை அப்படியே நிற்கும். பிரித்துத் தைக்க இடமில்லாத துணியில் எவரும் தையல் பழகியதில்லை. நல்ல கையுள்ள மாணவி என்று பெயரெடுத்தவர்கள் பெரும்பாலும் அழுக்கேறிய ஒரு வேட்டித் துண்டில் ஒரே கழுத்து வளைவைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தவர்களே. பத்து ஜபலாவைக் கையால் தைத்து முடிக்காதவரை எந்திரத்தில் உட்காரவிடக் கூடாது என்னும் பழைய ஆசிரியைகளின் கண்டிப்பு இன்றைய மாணவியருக்குக் கசந்தாலும், ஓவர்லாக் போட்ட தடித்த விளிம்பையும் கையால் மடித்து ஹெம்மிங் செய்த விளிம்பையும் தடவிப் பார்த்த எவரும் அக்கண்டிப்பில் பிழை காண மாட்டார். எந்திரத்தில்தான் தைப்பதென்றால் ரவிக்கைக்கு மாட்டிய 16ஆம் எண் ஊசியைக் கழற்றி 9 அல்லது 11ஆம் எண்ணைப் போட வேண்டும். துணியின் நல்ல பக்கத்தில் ஒருமுறை தைத்து, பிசிறை ஒட்ட வெட்டி, உள்பக்கம் திருப்பி மீண்டும் தைத்து விளிம்பை உள்ளே மூடிவிடும் பிரெஞ்சுத் தையலைப் பயன்படுத்த வேண்டும். சிலருக்கு அளவெடுத்து வெட்டுவதில் கணக்கு எளிதாக வரும். சிலருக்கு வெட்டு கோணினாலும் கைத்தையல் முத்துப்போல் விழும். எது தமக்கு வருகிறது என்பதை ஓரிரு மாதம் பொறுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல், உறவினர் கேட்டார்கள் என்றோ உடன் பயில்பவர் தைத்தார் என்றோ கடினமான வேலையை எடுப்பவர்கள்தாம் பாதியில் பயிற்சியை விட்டுச் செல்கின்றனர்.

பட்டை விட மனமில்லாத வீட்டில் புடவையைத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, அந்துருண்டை இல்லாமல், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைத்திருக்கலாம். குழந்தைக்கு ஐந்து வயதாகி, குத்துகிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் அளவெடுக்க அசையாமல் நிற்கவும் தெரிந்தபின், இற்ற மடிப்புகளைத் தவிர்த்து முந்தானையிலிருந்தும் உடலிலிருந்தும் பாவாடைக்குத் துணி எடுக்கலாம். அப்போது வளர்த்திக்காக அடியில் பிடிக்கும் டக்கை எந்திரத்தில் போடாமல் கையால் நீளத்தையலாகப் போட்டால், அடுத்த ஆண்டு பிரிக்கும்போது தடம் குறைவாகத் தெரியும்.